அவர்களுக்குத் தெரியும்: இரண்டு படங்களும் ஒரு பழைய கேள்வியும்



கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

இரண்டு திரைப்படங்களைப் பற்றி எழுதப் போகிறேன். "மாஸ்டர், நீங்களே படம் பார்க்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை. பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும் உங்கள் விருப்பம். படத்துக்குப் பின்னால் உள்ள வரலாற்றைத்தான் நான் சொல்ல வருகிறேன். அதைத் தெரிந்துகொள்வதில் யாருக்கும் ஆட்சேபனை இருக்காது என்று நினைக்கிறேன்.

வரலாறு படிப்பிக்கும்போது பிள்ளைகள் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "இவ்வளவு பேரைக் கொல்லும்வரை உலகம் என்ன செய்தது சேர்? யாருக்கும் தெரியாதா?" பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. இந்த இரண்டு படங்களும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன. பதில் கசப்பானது. தெரியும். தெரிய வேண்டியவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

முதலாவது படம் "ஆமென்". 2002இல் வந்தது. இயக்குநர் கொஸ்டா காவ்ராஸ், கிரேக்கத்தில் பிறந்து பிரான்சில் படமெடுத்தவர். 1963இல் மேற்கு பேர்லினில் மேடையேறிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய ரொல்ஃப் ஹொக்ஹூத்தின் நாடகம்தான் அடிப்படை. படத்தின் இரண்டு முக்கிய பாத்திரங்களில் ஒருவரான இளம் பாதிரியார் ரிக்கார்டோ கற்பனை. மற்றவர் உண்மையாக வாழ்ந்த மனிதர். பெயர் குர்ட் கேர்ஸ்டைன்.

இந்த கேர்ஸ்டைன் யார்? 1905இல் ஜேர்மனியில் பிறந்தவர். சுரங்கப் பொறியியலாளர். புரட்டஸ்தாந்து சபையின் இளைஞர் அமைப்புகளில் தீவிரமாக இருந்த, நல்ல மதப்பற்றுள்ள ஆள். 1933இல் நாசிக் கட்சியில் சேர்ந்தார். 1936இல் நாசிகளுக்கு எதிரான பிரசுரங்களை விநியோகித்ததற்காகக் கைது செய்யப்பட்டு, கட்சியிலிருந்தும் தூக்கப்பட்டார். 1941இல் அவருடைய உறவுப் பெண் ஒருவர் ஹடமார் என்ற இடத்தில் இருந்த நிலையத்தில் கொல்லப்பட்டார். மனநோயாளிகளையும் அங்கவீனர்களையும் "கருணைக் கொலை" என்ற பெயரில் அரசாங்கமே கொன்று கொண்டிருந்த காலம் அது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே எஸ்.எஸ். படையில் சேர்ந்தேன் என்று பிற்பாடு அவர் எழுதினார்.

எஸ்.எஸ். அவரைச் சுகாதாரப் பிரிவில் போட்டது. படையினருக்குக் குடிதண்ணீர் சுத்திகரிப்பதும், பேன், பூச்சி ஒழிப்பதும்தான் வேலை. பூச்சி கொல்லப் பயன்பட்ட நச்சு வாயுவைக் கையாளத் தெரிந்தவர் என்பதால், 1942 ஓகஸ்டில் அவரைப் போலந்திலுள்ள பெல்செக் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ரயிலில் வந்திறங்கிய யூதக் குடும்பங்களை, கைக்குழந்தைகள் உட்பட, அறைகளுக்குள் அடைத்து எஞ்சின் புகையால் கொல்வதைக் கண்ணால் கண்டார். அன்றைக்கு எஞ்சின் இயங்க மறுத்தது. கையில் நேரங் கணிக்கும் கடிகாரத்தோடு அவர் நின்றார். இரண்டு மணித்தியாலம் 49 நிமிடம் மக்கள் உள்ளே நின்றபடி காத்திருந்தார்கள். எஞ்சின் இயங்கிய பிறகு 32 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அந்த ஒரு முகாமில் மட்டும் நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள்.

திரும்பி வரும்போது வார்சோவிலிருந்து பேர்லின் போகும் ரயிலில் சுவீடன் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவரைச் சந்தித்தார். பெயர் கோரன் வொன் ஒட்டர். இரவு முழுக்க ரயில் நடைபாதையில் நின்றபடி கண்டதையெல்லாம் சொன்னார். சொல்லும்போது அழுதார். உங்கள் அரசாங்கத்துக்குச் சொல்லுங்கள், உலகத்துக்குச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். அந்த அதிகாரி நல்ல மனிதர். சொன்னவர் நம்பத்தக்கவரா என்று விசாரித்தறிந்து தன் வெளிவிவகார அமைச்சுக்கு அறிவித்தார். அமைச்சு அதை வைத்துக்கொண்டது. யுத்தம் முடியும்வரை நேச நாடுகளுக்கு அது போகவில்லை.

கேர்ஸ்டைன் அத்தோடு நிற்கவில்லை. பேர்லினிலிருந்த பாப்பரசரின் தூதுவரகத்துக்குப் போனார். நீ படையாளா என்று கேட்டார்கள். ஆம் என்றதும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கத்தோலிக்க ஆயரின் சட்ட ஆலோசகரிடம் சொன்னார். தன்னுடைய சபையின் பேராயர் டிபேலியஸிடம் சொன்னார். சுவிஸ் தூதரகத்தில் ஒருவரிடம் சொன்னார். நெதர்லாந்தைச் சேர்ந்த நண்பர் ஒருவருக்கும் சொன்னார். அந்த நண்பர் தன் நாட்டிலிருந்த எதிர்ப்பு இயக்கத்தாருக்குச் செய்தியைக் கடத்தினார். கேட்டவர்களில் பலர் அதிர்ந்து போனார்கள். ஆனால் ஒரு நிறுவனமாவது, தன் பெயரைப் போட்டு, "இது நடக்கிறது, இதை நாங்கள் கண்டிக்கிறோம்" என்று அவர் கேட்ட விதத்தில் எழுந்து நிற்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செய்தி ஒரு மனிதனோடு மட்டும் இருந்த இரகசியம் அல்ல. 1942 டிசம்பர் 17ஆம் திகதி நேச நாடுகளே கூட்டறிக்கை விட்டு, ஐரோப்பிய யூதர்களை ஜேர்மனி அழித்துக்கொண்டிருப்பதாக அறிவித்தன. வத்திக்கானுக்கும் தெரியும். ஜேர்மனியிலிருந்த லோதர் கோனிக் என்ற இயேசு சபைப் பாதிரியார், 1942 டிசம்பர் 14ஆம் திகதி பாப்பரசரின் செயலாளருக்கு எழுதிய கடிதம் ஒன்று 2023இல் வெளியிடப்பட்டது. பெல்செக் முகாமின் பெயரும் நாளொன்றுக்கு 6,000 பேர்வரை கொல்லப்படுகிறார்கள் என்ற தகவலும் அதில் இருக்கின்றன. அதே மாதம் நத்தார் செய்தியில் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், தங்கள் இனத்தின் காரணமாக மட்டும் சாவுக்குக் குறிக்கப்பட்ட இலட்சக்கணக்கானோரைப் பற்றி ஒரு வரி சொன்னார். யூதர் என்ற சொல்லும் இல்லை, நாசிகள் என்ற சொல்லும் இல்லை.

1943 ஒக்டோபர் 16ஆம் திகதி ரோம் நகரிலேயே யூதர்களைச் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். வத்திக்கானுக்குப் பக்கத்திலிருந்த இராணுவக் கல்லூரிக் கட்டடத்தில் இரண்டு நாள் வைத்திருந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அவுஷ்விட்சுக்கு ஏற்றினார்கள். திரும்பி வந்தவர்கள் 16 பேர். பகிரங்கக் கண்டனம் வரவில்லை.

நீதிக்காக மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே ரோமில் கன்னியர் மடங்களிலும் தேவாலயக் கட்டடங்களிலும் ஆயிரக்கணக்கான யூதர்கள் ஒளித்து வைக்கப்பட்டு உயிர் தப்பினார்கள். பகிரங்கமாகப் பேசினால் நாசிகள் இன்னும் மோசமாகப் பழிவாங்குவார்கள், ஒளிந்திருப்பவர்களுக்கும் ஆபத்து என்று பாப்பரசர் பயந்தார் என வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. 1942இல் நெதர்லாந்தின் ஆயர்கள் பகிரங்கமாகக் கண்டித்தபோது, நாசிகள் அங்கே கத்தோலிக்கராக மாறியிருந்த யூதர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். வரலாற்றாசிரியர்கள் இன்னும் இதில் வாதிடுகிறார்கள். படம் ஒரு பக்கம் எடுத்து நிற்கிறது. நாம் இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஆனால் படத்தின் ஆரம்பத்தில் வரும் ஒரு விஷயம் அந்த வாதத்தை இலேசில் விடாது. மேலே சொன்ன "கருணைக் கொலை"க்கு எதிராக 1941 ஓகஸ்ட் 3ஆம் திகதி முன்ஸ்டர் நகரத்து ஆயர் வொன் காலன் தேவாலயத்தில் பகிரங்கமாகப் பிரசங்கம் செய்தார். இது கொலை என்று சொன்னார். அந்தப் பிரசங்கம் கையெழுத்துப் பிரதிகளாக நாடெங்கும் பரவியது. மூன்று வாரத்தில், ஓகஸ்ட் 24ஆம் திகதி, ஹிட்லர் அந்தத் திட்டத்தை நிறுத்தும்படி உத்தரவிட்டார். அதற்குள் 70,000க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். பிற்பாடு மறைவாகக் கொலைகள் தொடர்ந்தன என்பதும் உண்மை. இருந்தாலும் ஒரு நிறுவனம் வாய் திறந்தால் ஹிட்லரே கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது என்பது நிரூபணமானது. ஆயரை அவனால் கைது செய்யக்கூட முடியவில்லை.

அப்படியென்றால் யூதர்களுக்காக ஏன் அந்தப் பிரசங்கம் நடக்கவில்லை? ஹடமாரில் செத்தவர்கள் ஜேர்மன் கிறிஸ்தவக் குடும்பங்களின் பிள்ளைகள், மாமிமார், பாட்டிமார். பெல்செக்கில் செத்தவர்கள் மற்றவர்கள். அதே ஆயர் காலன்கூட யூதர்களுக்காக அப்படிப் பகிரங்கமாகப் பேசவில்லை. நிறுவனங்கள் தங்களுடைய ஆட்களுக்காகப் பேசும். அடுத்த வீட்டானுக்காகப் பேசுமா என்பதுதான் சோதனை. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, நம்முடைய பள்ளிவாசல் நிருவாகங்களையும் சங்கங்களையும் நினைத்துப் பாருங்கள். நான் மேலே போகிறேன்.

கேர்ஸ்டைனின் முடிவு என்ன? 1945 ஏப்ரலில் பிரெஞ்சுப் படையிடம் தானாகச் சரணடைந்தார். கண்டதையெல்லாம் அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். சாட்சியாக நடத்துவார்கள் என்று நினைத்தார். குற்றவாளியாகப் பாரிஸ் சிறையில் போட்டார்கள். 1945 ஜூலை 25ஆம் திகதி அறையில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். 1950இல் ஜேர்மன் விசாரணை மன்றம் ஒன்று, இவர் இன்னும் செய்திருக்கலாம் என்று சொல்லிக் குற்றக்கறை உள்ளவராகவே வகைப்படுத்தியது. நச்சு வாயுவுக்கான பில்கள் அவருடைய பெயரில் வந்திருந்தன. அவர் அதில் எவ்வளவை நாசமாக்கினார், எவ்வளவு முகாமுக்குப் போனது என்பது இன்றைக்கும் தீராத கேள்வி. 1965இல்தான் அவருடைய பெயர் மீட்கப்பட்டது. மீட்டுக் கொடுத்த மாநில முதல்வர் கீசிங்கர் தானும் முன்னாள் நாசிக் கட்சி அங்கத்தவர். பிறகு மேற்கு ஜேர்மனியின் பிரதமராகவும் வந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தவர்களில் பலர் பதவியோடு வாழ்ந்தார்கள். கதவு கதவாகத் தட்டியவர் சிறையில் செத்தார்.

இரண்டாவது படத்தை நம்மவர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். "குவோ வாடிஸ், ஐடா?" 2020இல் வந்தது. இயக்குநர் யஸ்மிலா ஷ்பானிச், சரயேவோவைச் சேர்ந்த பெண். சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஒஸ்கார் போட்டியின் இறுதிப் பட்டியல்வரை போனது. கதை 1995 ஜூலை மாதம் ஸ்ரெப்ரெனிக்காவில் நடக்கிறது.

ஐடா ஒரு பாடசாலை ஆசிரியை. யுத்தம் காரணமாக ஐ.நா. படையிடம் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறாள். அவளை வளைக்க வந்த எதிரிப் படையில் ஒரு பையன் அவளைக் கண்டதும் "டீச்சர்" என்று சிரித்து ஸலாம் சொல்கிற மாதிரி நலம் விசாரிக்கிறான். படிப்பித்த பிள்ளை, கையில் துப்பாக்கி. ஆசிரியர்மாரே, அந்தக் காட்சியை உங்களால் இலகுவில் மறக்க முடியாது.

வரலாறு இதுதான். 1993 ஏப்ரல் 16ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபை 819ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் ஸ்ரெப்ரெனிக்காவைப் "பாதுகாப்பு வலயம்" என்று பிரகடனப்படுத்தியது. அந்தச் சொல்லை நம்பி பொஸ்னிய முஸ்லிம்கள் அங்கே குவிந்தார்கள். காவலுக்கு நெதர்லாந்துப் படையினர் சில நூறு பேர். 1995 ஜூலையில் ரட்கோ மிலாடிச்சின் சேர்பியப் படை முன்னேறியது. விமானத் தாக்குதல் உதவி கேட்டு டச்சுத் தளபதி திரும்பத் திரும்ப மேலிடத்துக்கு அறிவித்தார். தாமதம், மறுப்பு, மறுபடி தாமதம். 11ஆம் திகதி பிற்பகல் இரண்டு விமானங்கள் வந்து கொஞ்சம் குண்டு போட்டன. பிடித்து வைத்திருக்கும் டச்சுப் படையினரைக் கொல்வோம் என்று மிலாடிச்சின் ஆட்கள் மிரட்டியதும் அதுவும் நின்றது. அன்றைக்கே நகரம் விழுந்தது.

மக்கள் பொட்டோச்சாரியிலிருந்த ஐ.நா. தளத்துக்கு ஓடினார்கள். பழைய பெற்றரித் தொழிற்சாலை அது. ஏறத்தாழ 5,000 பேரை உள்ளே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார்கள். வெளியே 20,000 பேரளவில் வெயிலில் நின்றார்கள். 13ஆம் திகதி உள்ளே இருந்தவர்களையும் வெளியே அனுப்பினார்கள். வாசலில் ஆண்களையும் பெண்களையும் பிரித்து எடுத்தார்கள். டச்சுப் படையினர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். இது இனப்படுகொலை என்று யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயமும், 2007இல் சர்வதேச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டன.

ஐடா கற்பனைப் பாத்திரம். ஆனால் அவளுக்குப் பின்னால் ஓர் உண்மைக் கதை இருக்கிறது. ஹஸன் நுஹானோவிச் என்ற இளைஞர் அந்தத் தளத்தில் ஐ.நா. மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அவருடைய வாப்பா, உம்மா, தம்பி மூவரும் உள்ளே வந்து ஒதுங்கியிருந்தார்கள். ஹஸனுக்கு ஐ.நா. அடையாள அட்டை இருந்தது, அதனால் தங்கலாம். தம்பி முஹம்மதின் பெயர் பட்டியலில் இல்லை, அதனால் வெளியே போக வேண்டும். மிலாடிச்சோடு பேசப் போன மக்கள் பிரதிநிதிகளில் ஒருவர் என்பதால் வாப்பாவுக்கும் தங்கலாம் என்றார்கள். சின்ன மகனைத் தனியே அனுப்ப மனமில்லாமல் வாப்பாவும் உம்மாவும் கூடப் போனார்கள். மூவரும் கொல்லப்பட்டார்கள். "போங்கள்" என்று தன் குடும்பத்துக்கு டச்சு அதிகாரிகள் சொன்னதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய நிலை அந்த மகனுக்கு.

அவர் பழிவாங்கப் போகவில்லை. வழக்குப் போட்டார். பத்து வருடத்துக்கு மேல் போராடினார். 2013 செப்டெம்பர் 6ஆம் திகதி நெதர்லாந்தின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வெளியே அனுப்பினால் என்ன நடக்கும் என்று படைக்குத் தெரிந்திருந்தது, ஆகவே அவருடைய வாப்பா, தம்பி, தளத்தில் மின்வேலை செய்த ரிஸோ முஸ்தஃபிச் ஆகியோரின் மரணத்துக்கு அந்த நாடு பொறுப்பு. தன் சொந்த நாட்டு இராணுவத்துக்கு எதிராக ஒரு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இது. ஐ.நா.வின் மேல் மட்டும் கை வைக்க முடியவில்லை, அதற்குச் சட்ட விலக்கு இருக்கிறது. 2002இல் இது பற்றிய ஆய்வறிக்கை வந்தபோது நெதர்லாந்து அரசாங்கமே பதவி விலகியது. 2022இல் அதன் பாதுகாப்பு அமைச்சர் பொட்டோச்சாரிக்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். மௌனம் என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்கு நிறைய வேலை செய்ய வேண்டும். கடிதம் எழுத வேண்டும், கோப்பில் வைக்க வேண்டும், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். "எனக்கு அதிகாரம் இல்லை", "இப்போது நேரம் சரியில்லை", "பேசினால் இருக்கிற உறவும் கெட்டுப் போகும்", "பட்டியலில் பெயர் இல்லை". சொல்கிறவர்கள் யாரும் பேய் பிசாசு இல்லை. சுவீடன் அமைச்சில் இருந்தவர்களும் சரி, டச்சு அதிகாரிகளும் சரி, வீட்டில் நல்ல தகப்பன்மார்களாக இருந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் தன் மேசையிலிருந்து பிரச்சினையை அடுத்த மேசைக்குத் தள்ளினார்கள். கடைசி மேசைக்குப் பிறகு குழிதான் இருந்தது.

இது வெள்ளைக்காரர்களின், கிறிஸ்தவர்களின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். பொஸ்னியாவுக்கே ஒரு பழைய பக்கம் இருக்கிறது.

1941இல் நாசிகளின் துணையோடு குரோஷியாவில் உஸ்தாஷா ஆட்சி வந்தது. பொஸ்னியாவும் அதற்குள் அடங்கியது. சேர்பியர்களையும் யூதர்களையும் ரோமா மக்களையும் அது கொன்று குவித்தது. அந்த ஆட்சி பொஸ்னிய முஸ்லிம்களைத் தன் ஆட்களாகவே அரவணைத்தது. சும்மா இருந்திருந்தால் இலாபம். ஆனால் 1941 ஒக்டோபர் 12ஆம் திகதி சரயேவோவில் உலமாக்களும் பிரமுகர்களுமாக 108 பேர் கையொப்பமிட்டு ஒரு தீர்மானம் வெளியிட்டார்கள். நடக்கும் அட்டூழியங்களைக் கண்டித்தார்கள். அவற்றில் பங்குகொண்ட முஸ்லிம்களை நாங்கள் ஏற்கவில்லை என்றார்கள். மதம் பாராமல் எல்லாக் குடிமக்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார்கள். வேறு நகரங்களிலும் இப்படியான தீர்மானங்கள் வந்தன. பெயரைப் போட்டு, ஊரைப் போட்டு, ஆளும் கட்சிக்கு முகத்துக்கு நேரே. கேர்ஸ்டைன் தட்டிய எந்தக் கதவுக்குப் பின்னாலும் இப்படி ஒரு காகிதம் இருக்கவில்லை.

அதே சரயேவோவில் ஸெய்னெபா ஹர்தகா என்ற முஸ்லிம் பெண்ணும் அவர் குடும்பமும் யூத அயலவரான கபிலியோ குடும்பத்துக்குத் தங்கள் வீட்டில் அடைக்கலம் கொடுத்தார்கள். யூதர்களுக்கு உதவியதற்காக ஸெய்னெபாவின் வாப்பா யசெனோவாக்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். 1994இல் சரயேவோ முற்றுகைக்குள் அந்த மூதாட்டி சிக்கியிருந்தபோது, அன்றைக்குக் காப்பாற்றப்பட்ட குடும்பத்தின் முயற்சியால் வெளியே எடுக்கப்பட்டார். ரோட்ஸ் தீவில் துருக்கிக் கொன்சலாக இருந்த ஸலாஹத்தீன் உல்குமென் 1944இல் ஜேர்மன் அதிகாரியோடு நேருக்கு நேர் வாதாடி ஏறத்தாழ 50 யூதர்களை மீட்டெடுத்தார். அவருடைய கையில் ஆயுதம் இல்லை. கொன்சல் என்ற பதவி இருந்தது, அதைப் பாவித்தார்.

மற்றப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1943இல் பொஸ்னிய முஸ்லிம்களைக் கொண்டே ஒரு எஸ்.எஸ். படைப்பிரிவு உருவாக்கப்பட்டது. அதற்கு ஆள் சேர்க்க ஜெரூஸலத்தின் முன்னாள் முஃப்தி அமீன் அல்-ஹுஸைனி நேரில் போனார். 108 பேரின் கையொப்பமும் நம்முடைய வரலாறு, இதுவும் நம்முடைய வரலாறு. நமக்கே எதிராக இருந்தாலும் சாட்சியத்தை மறைக்காதே என்பது மார்க்கம் நமக்குச் சொல்லித்தந்த பாடம். முதலாவதை மட்டும் பகிர்ந்துவிட்டு இரண்டாவதை ஒளித்தால் நாமும் அந்த மேசைகளில் ஒன்றில் உட்கார்ந்தவர்களாகிவிடுவோம்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. ஸ்ரெப்ரெனிக்காவில் தாங்கள் தவறியதை 1999இல் ஐ.நா. அறிக்கையாக எழுதி ஒப்புக்கொண்டது. இனி இப்படி நடக்காது என்றார்கள். 2008 செப்டெம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியிலிருந்து வெளியேறியபோது, போக வேண்டாம் என்று வாசலில் நின்று தமிழ் மக்கள் மன்றாடினார்கள். 2012 நவம்பரில் வெளிவந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை, யுத்தத்தின் இறுதி மாதங்களில் தங்கள் முறைமையே தோற்றுப் போனது என்று எழுதியது. கையிலிருந்த மரண எண்ணிக்கையை வெளிப்படையாகச் சொல்லத் தயங்கினார்கள். சொன்னால் அரசாங்கம் அனுமதியை நிறுத்திவிடும் என்று பயந்தார்கள். 1942இல் சொன்ன காரணமும் 1995இல் சொன்ன காரணமும் 2009இலும் வேலை செய்தது. அந்த மக்களின் வலியை முஸ்லிம்களான நாம் எவ்வளவு தூரம் நம்முடையதாகப் பார்த்தோம் என்று ஒவ்வொருவரும் தனக்குள் கேட்டுக்கொள்ளட்டும். நம்முடைய வலியை அவர்கள் எவ்வளவு பார்த்தார்கள் என்பது அடுத்த கேள்வி. அதைச் சாட்டாக வைத்து முதல் கேள்வியைத் தட்டிவிட முடியாது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், காஸாவின் படங்களைப் பார்த்துக் கொதித்துப் போன நம் பிள்ளைகள் சிலர் வாட்ஸ்அப்பில் ஹிட்லரைப் புகழ்ந்து படம் போடுகிறார்கள். யூதர்கள் கொல்லப்பட்டதே பொய் என்றும் சில வீடியோக்கள் சுற்றுகின்றன. கேர்ஸ்டைனின் அறிக்கையில் சில எண்ணிக்கைகள் பிழை, ஆகவே எல்லாம் கட்டுக்கதை என்பது அவர்கள் சொல்லும் ஒரு வாதம். பிழையான எண்ணிக்கைகள் அதில் இருப்பது உண்மை. ஆனால் அன்றைக்கு பெல்செக்கில் அவரோடு நின்ற பேராசிரியர் ஃபானென்ஸ்டீல், தனக்கே பாதகம் என்று தெரிந்தும், அங்கே கொலை நடந்ததைப் பிற்பாடு ஒப்புக்கொண்டார். அந்த முகாமிலிருந்து தப்பிய ருடொல்ஃப் ரெடர் என்ற யூதர் தனியாகச் சாட்சி சொன்னார். நாசிகளின் சொந்தத் தந்திச் செய்தியிலேயே பெல்செக்கின் கணக்கு இருக்கிறது. ஒரு சாட்சியின் கணக்குப் பிழைத்தால் மற்றச் சாட்சிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வரலாற்று முறை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களை உரசிப் பார்க்கப் பழகிய சமூகத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஸ்ரெப்ரெனிக்காவையும் இதே மாதிரித்தான் இன்றைக்கு மறுக்கிறார்கள். எண்ணிக்கை மிகை, செத்தவர்கள் போராளிகள், எல்லாம் நாடகம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நமக்கு எவ்வளவு வலிக்கிறது? பெல்செக்கை மறுக்கிறவன் அதே கத்தியைத்தான் பிடித்திருக்கிறான். பலஸ்தீனக் குழந்தைக்காகப் பேசும் வாய் சுத்தமாக இருக்க வேண்டும். ஹிட்லரைப் புகழ்ந்த வாயால் அந்தக் குழந்தைக்காகப் பேசினால் கேட்கிறவன் காதைப் பொத்திக்கொள்வான், அவனுக்கு நல்ல சாட்டும் கிடைத்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு குறிப்பு. இரண்டு படத்திலும் கொலையை நேரடியாகக் காட்டும் காட்சிகள் அதிகம் இல்லை. "ஆமென்" படத்தில் கேர்ஸ்டைன் கதவிலுள்ள துளையால் பார்க்கிறார். உள்ளே என்ன என்பதை நமக்குக் காட்டவில்லை, அவருடைய முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். ஆனாலும் மனதைப் பாதிக்கும். உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு நீங்களும் கூட இருந்து பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பார்த்து முடிந்ததும் பிள்ளையிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இந்தக் கதையில் யாருடைய மேசையில் நீ இருந்திருப்பாய்?" உடனே பதில் வராது. வர வேண்டியதும் இல்லை.

ஐடா கடைசியில் அதே ஊருக்குத் திரும்பி வருகிறாள். புருஷனும் இரண்டு பிள்ளைகளும் இல்லை. வீட்டில் வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவள் மறுபடியும் பாடசாலைக்குப் போய்ப் படிப்பிக்கிறாள், கொன்றவர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்து. பாடசாலை நிகழ்ச்சியில் அந்தப் பிள்ளைகள் கையால் கண்ணை மூடுவதும் திறப்பதுமாக ஆடுகிறார்கள், அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

கருத்துகளைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்தும் எழுதலாம், ஏச்சு மட்டும் வேண்டாம். ஸ்ரெப்ரெனிக்காவின் ஷஹீத்களுக்காகவும், காஸாவின் மக்களுக்காகவும், நம் நாட்டில் இன்னும் தங்கள் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும் எல்லாத் தாய்மாருக்காகவும் துஆ செய்யுங்கள். கண்டதைச் சொல்லும் தைரியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தரட்டும். ஆமீன்.